என்ஏடிஎச் முதல் ஆக்சிஜன் வரை: எலக்ட்ரானையும் புரோட்டானையும் குழப்பமில்லாமல் எண்ணும் முறை

மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியில், எலக்ட்ரான் தரும் ஒரு என்ஏடிஎச் மூலக்கூறுக்கு மூன்று புரதத் தொகுப்புகள் (காம்ப்ளெக்ஸ் 1, 3, 4) சவ்வின் மறுபக்கம் ஏற்றும் புரோட்டான்கள் "4, 4, 2, மொத்தம் 10" என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஒரு என்ஏடிஎச்சுக்கு மேட்ரிக்ஸ் (மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதி) இழந்தது எத்தனை புரோட்டான்? பெரும்பாலும் "அதே 10" என்றுதான் பதில் வரும். சரியான விடை 11. அந்தக் கூடுதல் ஒன்று எங்கே போனது என்று சொல்லத் தெரிந்துவிட்டால், இந்தச் சங்கிலியைப் பற்றி வரும் மற்ற கேள்விகள் தானாக வழிக்கு வந்துவிடும்.

இளநிலை, முதுநிலை உயிர்வேதியியல் படிப்பவர்களையும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இங்கே வரிசைதான் முக்கியம்: முதலில் சவ்வு, அப்புறம் எலக்ட்ரான், அதற்குப் பிறகு புரோட்டான், பின்னர் மின்சுமை, கடைசியில்தான் ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). வகுப்பில் பலர் ஏடிபி எண்ணிக்கையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு தாளை அகலவாக்கில் வையுங்கள். இரண்டு நிறப் பேனா போதும்; ஒன்று எலக்ட்ரானுக்கு, மற்றொன்று புரோட்டானுக்கு. ஒரே நிறத்தில் இரண்டையும் வரைந்தால் காம்ப்ளெக்ஸ் 3 வந்ததும் தாள் சிலந்திவலை ஆகிவிடும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் அதிகமில்லை. திட்ட ஒடுக்க மின்னழுத்தங்கள் நான்கு: என்ஏடிஎச் −0.32 வோல்ட், யுபிக்வினோன் +0.045, சைட்டோகுரோம் சி +0.254, ஆக்சிஜன் +0.816. கூடவே ஃபாரடே மாறிலி, மோலுக்கு வோல்ட்டுக்கு 96.5 கிலோஜூல்.

எண்களைவிட முக்கியமானது, எந்தக் கடத்தி ஒரு நேரத்தில் எதை ஏந்தும் என்பது:

- என்ஏடிஎச்: 2 எலக்ட்ரானும் 1 புரோட்டானும் சேர்ந்த ஹைட்ரைடாக, ஒரே மூச்சில்.
- எஃப்எம்என், எஃப்ஏடி (இவையே ஃபிளேவின்கள்): 2 எலக்ட்ரான், 2 புரோட்டான், ஆனால் எலக்ட்ரானை ஒவ்வொன்றாகவும் விடமுடியும்.
- இரும்பு–கந்தகத் தொகுதிகள், ஹீம்கள், தாமிர மையங்கள்: ஒரு நேரத்தில் 1 எலக்ட்ரான்.
- யுபிக்வினோன் (சவ்வுக்குள் உலவும் சிறு கடத்தி): 2 எலக்ட்ரான், 2 புரோட்டான்; நடுவில் செமிக்வினோன் என்ற ஒற்றை எலக்ட்ரான் நிலை உண்டு.
- ஆக்சிஜன் மூலக்கூறு: 4 எலக்ட்ரான், 4 புரோட்டான்.

சங்கிலியின் அமைப்பு முழுவதும் இந்தப் பட்டியலிலிருந்து பிறப்பதுதான். இரண்டு தருகிறவரும் ஒன்றே வாங்குகிறவரும் சந்திக்கும் இடத்தில் ஏதாவது ஏற்பாடு வேண்டுமே! ஃபிளேவின்கள் ஒரு ஏற்பாடு, காம்ப்ளெக்ஸ் 3-இல் பார்க்கப்போகும் இரண்டு சுற்று, அதாவது கியூ சுழற்சி, இன்னொன்று.

2. சவ்வை முதலில் வரையுங்கள்

தாளின் குறுக்கே இரண்டு இணைகோடுகள் இழுங்கள். இது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு. கீழே மேட்ரிக்ஸ், மேலே சவ்விடைவெளி. மேலே பெரிதாகக் கூட்டல் குறி, கீழே கழித்தல் குறி போடுங்கள். இனி மேலே உள்ளது நேர்ப்பக்கம், கீழே உள்ளது எதிர்ப்பக்கம்.

"உள்ளே, வெளியே" என்று எழுதாமல் இப்படிப் பெயர் வைப்பதற்குக் காரணம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவை மீயொலியால் உடைத்தால் உட்சவ்வு துண்டுகளாகி, உட்புறம் வெளியே திரும்பிய குமிழிகளாக மூடிக்கொள்ளும். அவற்றில் ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புரோட்டான்கள் குமிழிக்குள் ஏற்றப்படும். "வெளியே பம்ப் செய்கிறது" என்று மனப்பாடம் செய்தவர் இந்தக் கேள்வியில் விழுந்துவிடுவார். "எதிர்ப்பக்கத்திலிருந்து நேர்ப்பக்கத்துக்கு" என்று படித்தவருக்கு எந்த மாற்றமும் இல்லை.

வெளிச்சவ்வை வரைய வேண்டியதே இல்லை. அதில் போரின் கால்வாய்கள் இருப்பதால் சிறு மூலக்கூறுகளும் அயனிகளும் எளிதாகக் கடந்துவிடும். புரோட்டான்களைத் தேக்கும் வேலையை அது செய்வதில்லை.

3. எலக்ட்ரான் பாதையை மட்டும் வரையுங்கள்

இப்போது புரோட்டான் பேனாவை மூடி வையுங்கள். மின்னழுத்தம் ஏறுகிற வரிசையில் எலக்ட்ரான் நகரும்: என்ஏடிஎச், காம்ப்ளெக்ஸ் 1, யுபிக்வினோன், காம்ப்ளெக்ஸ் 3, சைட்டோகுரோம் சி, காம்ப்ளெக்ஸ் 4, ஆக்சிஜன்.

இங்கே வரும் முதல் பிழை, 1, 2, 3, 4 என்று எண் வரிசையில் கோடு இழுப்பது. காம்ப்ளெக்ஸ் 1 தன் எலக்ட்ரானைக் காம்ப்ளெக்ஸ் 2-க்குத் தருவதே இல்லை. இரண்டும் யுபிக்வினோனுக்குள் நுழையும் தனித்தனி வாசல்கள். கொழுப்பு அமில ஆக்சிஜனேற்றத்திலிருந்து வரும் எலக்ட்ரான்களுக்கும், கிளிசரால்-3-பாஸ்பேட்டுக்கும் அதே யுபிக்வினோனில் சேரும் வேறு வாசல்கள் இருக்கின்றன. ஆகவே படத்தில் யுபிக்வினோனைப் பெரிதாக, பல அம்புகள் வந்து சேரும் இடமாக வரையுங்கள்.

இரண்டாவது பிழை, எஃப்ஏடிஎச்2 என்பதை என்ஏடிஎச் போல அலைந்து திரியும் மூலக்கூறாக நினைப்பது. காம்ப்ளெக்ஸ் 2-இல் எஃப்ஏடி புரதத்தோடு சகப்பிணைப்பில் ஒட்டியே இருக்கிறது; எங்கும் போகாது. எஃப்ஏடிஎச்2 என்று எழுதத் தோன்றும் இடத்தில் "சக்சினேட்" என்று எழுதிப் பழகுங்கள். கணக்கு தெளிவாகும்.

பாதை வந்துவிட்டதா? ஒவ்வொரு கட்டத்திலும் விடுபடும் ஆற்றலைக் கீழே குறியுங்கள். மின்னழுத்த வேறுபாட்டை 2-ஆலும் 96.5-ஆலும் பெருக்கினால் போதும். என்ஏடிஎச் முதல் யுபிக்வினோன் வரை 0.365 வோல்ட், சுமார் 70 கிலோஜூல். அங்கிருந்து சைட்டோகுரோம் சி வரை 0.209 வோல்ட், சுமார் 40. கடைசிக் கட்டம் 0.562 வோல்ட், சுமார் 108. மொத்தம் 220-ஐ ஒட்டி வரும். திட்ட நிலையில் கணக்கிட்ட மதிப்புகள் இவை. செல்லுக்குள் செறிவுகளைப் பொறுத்து மாறும். ஆனாலும் எந்தக் கட்டத்தில் பம்ப் செய்ய வாய்ப்பு உண்டு என்பதை இவையே காட்டிவிடுகின்றன.

4. காம்ப்ளெக்ஸ் 1: எலக்ட்ரான் ஓரிடம், பம்ப் வேறிடம்

இதை எல் வடிவில் வரையுங்கள். ஒரு கை மேட்ரிக்ஸுக்குள் நீட்டியிருக்கும், மற்றொன்று சவ்வுக்குள் படுத்திருக்கும். மேட்ரிக்ஸ் கையின் நுனியில் எஃப்எம்என். என்ஏடிஎச் அங்கே ஹைட்ரைடைக் கொடுக்கிறது. எஃப்எம்என் அந்த இரண்டு எலக்ட்ரான்களையும் ஒவ்வொன்றாக இரும்பு–கந்தகத் தொகுதிகளின் வரிசையில் இறக்கிவிடுகிறது. வரிசையின் கடைசித் தொகுதி, சவ்வை ஒட்டிய நீண்ட குழிக்குள் வந்து நிற்கும் யுபிக்வினோனிடம் அவற்றைச் சேர்க்கிறது. எலக்ட்ரானின் பயணம் அதோடு முடிந்தது.

சவ்வுக்குள் இருக்கும் கைக்கு எலக்ட்ரான் போவதே இல்லை. ஆனால் புரோட்டான்களைக் கடத்தும் பாதைகள் அங்கேதான் இருக்கின்றன. யுபிக்வினோன் ஒடுக்கமடையும்போது உண்டாகும் மாற்றம், சவ்வுக்கையின் நடுவே வரிசையாக உள்ள மின்சுமை கொண்ட அமினோ அமிலங்களின் வழியே பரவி, தொலைவிலுள்ள பாதைகளை இயக்குகிறது. எலக்ட்ரான் அம்பைச் சவ்வுக்கை முழுக்க இழுத்து "போகிற வழியில் புரோட்டானைத் தள்ளுகிறது" என்று எழுதும் விடைத்தாள்கள் நிறைய வரும். அப்படி எழுதாதீர்கள்.

இப்போது புரோட்டான் பேனாவைத் திறக்கலாம். இரண்டு எலக்ட்ரானுக்கு 4 புரோட்டான் நேர்ப்பக்கம் ஏறுகிறது. அதோடு யுபிக்வினோன் யுபிக்வினாலாக மாற 2 புரோட்டான் வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு ஈடாக என்ஏடிஎச் விட்ட புரோட்டான் இருக்கிறது. மற்றொன்று மேட்ரிக்ஸ் கணக்கில் விழுகிறது. ஆக, மேட்ரிக்ஸ் இழந்தது 5, நேர்ப்பக்கம் பெற்றது 4. சவ்வைக் கடந்த மின்சுமை 4.

இந்த மூன்று எண்களையும் காம்ப்ளெக்ஸின் கீழே தனித்தனியாக எழுதுங்கள். வழிகாட்டி முழுவதும் நிற்பது இந்த மூன்று பத்திகளின் (நிரல்களின்) மேல்தான்.

5. காம்ப்ளெக்ஸ் 2: பம்ப் ஏன் இல்லை

காம்ப்ளெக்ஸ் 2-க்கு எலக்ட்ரான் தரும் சக்சினேட்டின் மின்னழுத்தம் சுமார் +0.03 வோல்ட். யுபிக்வினோனோடு வேறுபாடு 0.015 வோல்ட்தான், கிடைப்பது சுமார் 3 கிலோஜூல். ஒரு புரோட்டானை ஏற்றவே ஏறக்குறைய 20 கிலோஜூல் தேவை. அதனால் பம்ப் இல்லை.

சக்சினேட் ஃபியூமரேட் ஆகும்போது விடும் 2 புரோட்டானும் யுபிக்வினோன் வாங்கும் 2 புரோட்டானும் சரிக்குச் சரி. மூன்று பத்திகளிலும் பூஜ்யம்.

6. காம்ப்ளெக்ஸ் 3: இரண்டு சுற்றாகத்தான் வரைய வேண்டும்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. சிக்கல் என்னவென்றால், யுபிக்வினால் தருவது 2 எலக்ட்ரான், சைட்டோகுரோம் சி வாங்குவது 1. மீதி ஒன்று எங்கே போவது?

சவ்வுக்குள் இரண்டு குழிகள் வரையுங்கள். நேர்ப்பக்கத்தை ஒட்டியது கியூ-ஓ, எதிர்ப்பக்கத்தை ஒட்டியது கியூ-ஐ. இரண்டுக்கும் நடுவே ஹீம் பி-எல், ஹீம் பி-எச் என்ற இரு படிகள். கியூ-ஓவுக்கு மேலே ரீஸ்கே இரும்பு–கந்தகத் தொகுதி, அதற்கடுத்து சைட்டோகுரோம் சி1.

முதல் சுற்று. கியூ-ஓ குழிக்கு ஒரு யுபிக்வினால் வருகிறது. ஓர் எலக்ட்ரான் மேலே போகிறது: ரீஸ்கே, சி1, சைட்டோகுரோம் சி. மற்றொன்று கீழே போகிறது: பி-எல், பி-எச், கியூ-ஐ குழியில் உள்ள யுபிக்வினோன். அந்த யுபிக்வினோன் செமிக்வினோனாகி, குழியை விட்டு நகராமல் காத்திருக்கிறது. மேலே 2 புரோட்டான் விடுபட்டாயிற்று.

இரண்டாம் சுற்று. இன்னொரு யுபிக்வினால் கியூ-ஓவுக்கு வருகிறது. அதே பிரிவு, அதே இரு பாதைகள். மேலே மேலும் 2 புரோட்டான். கீழே வந்த எலக்ட்ரான், காத்திருந்த செமிக்வினோனோடு சேர, மேட்ரிக்ஸிலிருந்து 2 புரோட்டான் வாங்கி அது முழு யுபிக்வினாலாகிவிடுகிறது.

இரண்டு யுபிக்வினால் செலவு, ஒன்று திரும்பி வந்தது. நிகரச் செலவு ஒன்று. இந்த வரியைப் படத்தின் ஓரத்தில் எழுதாதவர்கள்தான் "இரண்டு யுபிக்வினாலுக்கு 4 என்றால் ஒன்றுக்கு 2" என்று வகுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது எலக்ட்ரானும் ஏன் மேல் வழியிலேயே போவதில்லை? மின்னழுத்தப்படி பார்த்தால் அதுதானே சுலபம்? ரீஸ்கேயின் தலைப்பகுதி அசையக்கூடியது. கியூ-ஓ அருகே ஓர் எலக்ட்ரானை வாங்கியதும் அது சி1 பக்கம் திரும்பிவிடும். அந்த நேரத்தில் இரண்டாவது எலக்ட்ரானுக்கு எதிரே இருப்பது பி-எல் மட்டும்தான்.

இனி எண்கள். நேர்ப்பக்கம் பெற்றது 4. மேட்ரிக்ஸ் இழந்தது 2. "4 பம்ப் ஆனது" என்று எழுதி மேட்ரிக்ஸிலிருந்தும் 4-ஐக் கழிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. மீதி 2 புரோட்டான், யுபிக்வினால் தன் கையோடு கொண்டுவந்தவை; அவற்றைக் காம்ப்ளெக்ஸ் 1 அல்லது 2-இன் கணக்கில் ஏற்கெனவே எழுதியாயிற்று. மின்சுமை 2 மட்டுமே. மேலே 4 நேர்மின்சுமை வந்தாலும், சைட்டோகுரோம் சி இரண்டு எலக்ட்ரானை அதே பக்கத்தில் வாங்கிக்கொள்கிறது அல்லவா, அதைக் கழிக்க வேண்டும்.

படம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. ஆன்டிமைசின் கியூ-ஐ குழியை அடைத்துவிடும். ஆன்டிமைசின் இருக்கும் நிலையில், ஆக்சிஜன் போன்ற ஆக்சிஜனேற்றியைச் சேர்த்தால் சைட்டோகுரோம் பி என்ன ஆகும்? "ஆக்சிஜனேற்றம் அடையும்" என்று எல்லாரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு: பி மேலும் ஒடுக்கமடையும். ஆக்சிஜன் மேல் பாதையைக் காலி செய்ததும் யுபிக்வினாலின் முதல் எலக்ட்ரான் அங்கே போகிறது. இரண்டாவது பி-யில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. உங்கள் படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடிந்தால் படம் சரி.

கியூ-ஓவில் செமிக்வினோன் கூடுதல் நேரம் தங்கினால் அது ஆக்சிஜனுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து சூப்பராக்சைடை உண்டாக்கும். ஆன்டிமைசின் சூப்பராக்சைடை ஏன் கூட்டுகிறது என்பதற்கும் விடை இதே படத்தில்தான் இருக்கிறது.

7. காம்ப்ளெக்ஸ் 4: இரண்டா, நான்கா, எட்டா

சைட்டோகுரோம் சி சவ்விடைவெளிப் பக்கத்தில் உலவும் சிறு புரதம். ஒரு தடவைக்கு ஓர் எலக்ட்ரான் கொண்டுவரும். எலக்ட்ரான் தாமிரம்-ஏ மையத்தில் ஏறி, ஹீம் ஏ வழியாக, ஹீம் ஏ3-உம் தாமிரம்-பி-யும் சேர்ந்த மையத்தை அடைகிறது. ஆக்சிஜன் அங்கேதான் கட்டுண்டு நீராகிறது.

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான். நீர் உருவாக 4 புரோட்டான், ஏற்றப்படுவது இன்னொரு 4. எட்டும் மேட்ரிக்ஸிலிருந்தே வருகின்றன. "காம்ப்ளெக்ஸ் 4 பம்ப் செய்வது 2" என்கிறவரும் "4" என்கிறவரும் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இரண்டு எலக்ட்ரானுக்குச் சொல்கிறார், மற்றவர் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்குச் சொல்கிறார். தாளின் தலைப்பில் "எல்லாம் 2 எலக்ட்ரானுக்கு" என்று எழுதிவிட்டால் தகராறு தீர்ந்தது.

2 எலக்ட்ரானுக்கு: நேர்ப்பக்கம் பெற்றது 2, மேட்ரிக்ஸ் இழந்தது 4, மின்சுமை 4. மின்சுமை ஏன் 4? ஏற்றப்பட்ட புரோட்டான் 2. அதோடு, நேர்ப்பக்கத்திலிருந்து வந்த 2 எலக்ட்ரானும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த 2 புரோட்டானும் புரதத்தின் நடுவில் சந்தித்து நீராகின்றன. புரோட்டான் முழுச் சவ்வையும் கடக்காவிட்டாலும் மின்சுமைக் கணக்கில் அது 2 கடந்ததற்குச் சமம்.

8. கூட்டிச் சரிபாருங்கள்

ஒரு என்ஏடிஎச்சுக்கு, நேர்ப்பக்கம் பெற்றது – மேட்ரிக்ஸ் இழந்தது – மின்சுமை என்ற வரிசையில்:

காம்ப்ளெக்ஸ் 1: 4 – 5 – 4
காம்ப்ளெக்ஸ் 3: 4 – 2 – 2
காம்ப்ளெக்ஸ் 4: 2 – 4 – 4
மொத்தம்: 10 – 11 – 10

11-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு பிழையல்ல. ஒட்டுமொத்த வினையை எழுதிப் பாருங்கள்: என்ஏடிஎச், ஒரு புரோட்டான், அரை ஆக்சிஜன் சேர்ந்து என்ஏடி+, நீர். வினையே ஒரு புரோட்டானை விழுங்குகிறது. தொடக்கத்தில் கேட்ட அந்த ஒன்று இதுதான்.

சக்சினேட்டுக்குக் காம்ப்ளெக்ஸ் 3, 4 மட்டும் கூட்டினால் 6 – 6 – 6. சக்சினேட் ஃபியூமரேட்டாகி அரை ஆக்சிஜன் நீராகும் வினையில் புரோட்டான் செலவு இல்லை. ஆகவே முதல் இரண்டு பத்திகளும் சமமாக வர வேண்டும், வந்துவிட்டன. இந்தச் சரிபார்ப்பு ஒத்துவராவிட்டால் ஏடிபி கணக்குக்குப் போகாதீர்கள். தவறு பெரும்பாலும் காம்ப்ளெக்ஸ் 3-இல் இருக்கும்.

9. ஏற்றிய புரோட்டான் எதைச் சேமிக்கிறது

அணையில் தேங்கிய தண்ணீரை உவமையாகச் சொல்லித்தான் இதை எல்லாரும் நடத்துகிறார்கள். முதல் நாளைக்குச் சரி. ஆனால் அது மாணவர் மனத்தில் "சவ்விடைவெளி ரொம்ப அமிலமாகிவிடும்" என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறது. புரோட்டான் உந்துவிசையின் பெரும்பகுதி செறிவு வேறுபாடு அல்ல, மின்னழுத்தம்.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மின்னழுத்தம் 0.15 முதல் 0.18 வோல்ட் அளவில் இருக்கும். பிஎச் வேறுபாடு ஒன்றுக்கும் குறைவு, 0.75 என்று வைத்தால் அதன் பங்கு சுமார் 0.045 வோல்ட்தான். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.2 வோல்ட். 96.5-ஆல் பெருக்கினால் ஒரு மோல் புரோட்டானுக்கு 20 கிலோஜூலை ஒட்டி வரும். காம்ப்ளெக்ஸ் 2-இல் பயன்படுத்திய எண் இதுதான்.

10 புரோட்டானுக்கு 200 கிலோஜூல். என்ஏடிஎச் தந்தது 220. பம்ப் எண்ணிக்கை 10-க்குப் பதில் 12 என்று யாராவது எழுதினால், 240 கிலோஜூல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

10. இப்போது ஏடிபி

பாலூட்டிகளின் ஏடிபி சிந்தேஸில் சவ்வுக்குள் சுழலும் வளையத்தில் 8 சி துணை அலகுகள் உள்ளன. ஒரு முழுச் சுற்றுக்கு 8 புரோட்டான் இறங்கி 3 ஏடிபி உருவாகும், ஒன்றுக்கு 2.67. ஈஸ்ட்டில் வளையத்துக்கு 10 அலகுகள் என்பதால் அங்கே இது 3.33 ஆகும். எந்த உயிரி என்று பார்க்காமல் எண்ணைப் போடக் கூடாது.

இதோடு முடியவில்லை. ஏடிபி மேட்ரிக்ஸுக்கு வெளியே போக வேண்டும், மூலப்பொருள்களான அடினோசின் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ளே வர வேண்டும்: நான்கு எதிர்மின்சுமை கொண்ட ஏடிபி வெளியேறும், மூன்று கொண்ட அடினோசின் டைபாஸ்பேட் உள்ளே வரும். இதில் ஒரு மின்சுமை செலவு. பாஸ்பேட் ஒரு புரோட்டானோடு உள்ளே வருகிறது. இதில் ஒரு புரோட்டான் செலவு, மின்சுமை இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப் புரோட்டான் இறங்கியதற்குச் சமம். ஆக 3.67.

10-ஐ 3.67-ஆல் வகுத்தால் 2.7, 6-ஐ வகுத்தால் 1.6. பாடநூல்கள் 3.67-ஐ 4 என்று எடுத்துக்கொண்டு 2.5, 1.5 என்று தருகின்றன. பழைய கணக்கு 3, 2. தேர்வில் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள், ஆனால் கலக்காதீர்கள். குளுக்கோஸுக்கு 38 என்பது 3, 2 கணக்கிலிருந்து வருவது. 2.5, 1.5 கணக்கில், சைட்டோசாலின் என்ஏடிஎச் மாலேட்–அஸ்பார்டேட் வழியில் போனால் 32, கிளிசரால்-3-பாஸ்பேட் வழியில் போனால் 30.

மின்சுமைப் பத்தியை ஏன் இவ்வளவு வற்புறுத்தினேன் என்பது இங்கேதான் தெரியும். ஒவ்வொரு காம்ப்ளெக்ஸின் தனிப் பங்கு எவ்வளவு ஏடிபி என்று கேட்டால், நேர்ப்பக்கப் பத்தியை வைத்து வகுப்பவர் காம்ப்ளெக்ஸ் 3-க்கு 1, காம்ப்ளெக்ஸ் 4-க்கு 0.5 என்பார். சரியான விடை தலைகீழ்: காம்ப்ளெக்ஸ் 3-க்குச் சுமார் 0.5, காம்ப்ளெக்ஸ் 4-க்குச் சுமார் 1. அஸ்கார்பேட், டிஎம்பிடி (வெளியிலிருந்து சேர்க்கும் எலக்ட்ரான் தருபவை) கொண்டு சைட்டோகுரோம் சி-க்கு நேரடியாக எலக்ட்ரான் ஊட்டினால் ஆக்சிஜன் அணுவுக்கு ஏறக்குறைய ஓர் ஏடிபி கிடைப்பது இதனால்தான்.

11. தடுப்பான் கேள்விகள்

செய்முறை எளிது. படத்தில் தடுப்பான் அடைக்கும் இடத்தில் கத்தரிக்கோல் குறி போடுங்கள். குறிக்கு முன்னால் உள்ள கடத்திகள் ஒடுக்கநிலையில் தேங்கும், பின்னால் உள்ளவை ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போகும். அப்புறம், குறிக்குப் பின்னால் வேறு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோட்டினோன் போட்டால் என்ஏடிஎச் வழி அடைபடும். சக்சினேட் வேலை செய்யும், கணக்கு 6. ஆன்டிமைசின் போட்டால் இரண்டு வழியும் அடைபடும். அஸ்கார்பேட்–டிஎம்பிடி வேலை செய்யும். சயனைடு ஃபெர்ரிக் நிலையிலுள்ள ஹீம் ஏ3-ஐப் பிடித்துக்கொண்டால் எந்த வாசலும் உதவாது.

ஒலிகோமைசினில்தான் பலர் சறுக்குகிறார்கள். அது ஏடிபி சிந்தேஸை அடைக்கிறது, சங்கிலியைத் தொடுவதில்லை. ஆனாலும் ஆக்சிஜன் நுகர்வு குறைகிறது. புரோட்டான் இறங்க வழியில்லாததால் உந்துவிசை உச்சத்துக்குப் போய், பம்ப்கள் மேலும் ஏற்ற முடியாமல் எலக்ட்ரானும் நின்றுவிடுகிறது. எஃப்சிசிபி போன்ற இணைப்பறுப்பானைச் சேர்த்தால் சுவாசம் மீண்டும் வேகமெடுக்கும். சயனைடுக்குப் பிறகு எஃப்சிசிபி சேர்த்தால் ஒன்றும் நடக்காது. இரண்டையும் பிரித்தறிய இதுவே வழி.

இணைப்பறுப்பான் "பம்ப்களை நிறுத்துகிறது" என்று எழுதுவதும் தவறு. பம்ப்கள் முன்பைவிட வேகமாக ஓடுகின்றன. ஏற்றிய புரோட்டான் அந்த மூலக்கூறின் முதுகில் ஏறி உடனே திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

12. ஆக்சிஜன் மின்வாயில் இதே கணக்கு

ஆய்வகத்தில் கிளார்க் மின்வாயோடு செய்பவர்களுக்கு. சேர்க்கும் வரிசை: பாஸ்பேட் உள்ள தாங்கல் கரைசல், மைட்டோகாண்ட்ரியா, ரோட்டினோன், சக்சினேட், அடினோசின் டைபாஸ்பேட், ஒலிகோமைசின், எஃப்சிசிபி, ஆன்டிமைசின்.

சக்சினேட் சோதனையில் ரோட்டினோன் எதற்கு? உருவான ஃபியூமரேட் மாலேட்டாகி, அது ஆக்சலோஅசெட்டேட் ஆகும்போது என்ஏடிஎச் பிறக்கும். அது காம்ப்ளெக்ஸ் 1 வழியே நுழைந்தால் 6 என்ற கணக்கு கலங்கிவிடும். போதாததற்கு ஆக்சலோஅசெட்டேட் சக்சினேட் டிஹைட்ரஜனேஸையே தடுக்கும். என்ஏடிஎச் மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடையாவிட்டால் இந்தத் தொடர் தேங்கி, இரண்டு தொல்லையும் தவிரும்.

ஏடிபி–ஆக்சிஜன் விகிதம் கணக்கிடும்போது ஆக்சிஜனை அணுவில் எண்ண வேண்டும். 300 நானோமோல் அடினோசின் டைபாஸ்பேட் சேர்த்ததும் வேகமான கட்டத்தில் 100 நானோமோல் ஆக்சிஜன் மூலக்கூறு செலவானது என்று வைத்துக்கொள்வோம். அணுக்கணக்கில் 200. 300-ஐ 200-ஆல் வகுத்தால் 1.5. இரட்டிப்பாக்க மறந்தால் 3 வரும். சக்சினேட்டுக்கு 3 என்று வந்தாலே எங்கே தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

எஃப்சிசிபியை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். சிறிது சிறிதாகச் சேர்த்து, வேகம் இனி ஏறாது என்ற இடத்தில் நிறுத்துங்கள். அளவு மிஞ்சினால் சுவாசமே குறையும், காம்ப்ளெக்ஸ்களில் கோளாறு என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

முடிந்ததும் மின்வாயின் மாதிரி அறையை எத்தனாலால் பலமுறை கழுவி, பிறகு தண்ணீரால் அலசுங்கள். ரோட்டினோன், ஆன்டிமைசின், ஒலிகோமைசின் எல்லாமே நீரை வெறுப்பவை. பிளாஸ்டிக்கிலும் காந்தக் கலக்கியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியைக் கெடுக்கும். காலையில் நன்றாக ஓடிய மைட்டோகாண்ட்ரியா மதியம் அடினோசின் டைபாஸ்பேட்டுக்கு அசையவில்லை என்றால், தயாரிப்பைக் குறை சொல்லும் முன் அறையை மறுபடி கழுவி அதே மாதிரியை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.